உடையக் கூடாத தேங்காய்

"குழந்தைன்னா விழத்தான் செய்யும்" என்று அந்த வருஷம் என்னிடம் சொல்லாதவர் ராயபுரத்தில் யாருமே இல்லை. பால்காரர் சொன்னார், பக்கத்து வீட்டம்மா சொன்னார், டிராமில் அருகில் உட்கார்ந்த முன்பின் தெரியாத ஒரு பெண்மணிகூடச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விழும், சரி. எதன் மேல் விழும் என்று ஒருவராவது கேட்டார்களா? என் கவலை முழுக்க அந்த ஒரு கேள்வியில்தான் இருந்தது.

காரணம் என் மகள். அவளுக்கு அப்போது ஏழு வயது. நான் டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்திலேயே படித்துக்கொண்டிருந்தாள். படித்தாள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஏறினாள் என்பதுதான் சரி. மரம் கண்டால் ஏறுவாள், கைவண்டி கண்டால் ஏறுவாள், ஜன்னல் கம்பியில் ஏறி உத்தரத்தைத் தொட்டுவிட்டு வருவாள். ஒருநாள் மத்தியான இடைவேளையில், மதில்மேல் நடந்து காட்டுகிறேன் பார் என்று தோழிகளிடம் பந்தயம் கட்டி ஏறி, அங்கிருந்து கருங்கல் படியில் தலைகுப்புற விழுந்தாள்.

ஒரு சொட்டு இரத்தம் வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கண்ணை மூடியபடி தூங்குவது போலக் கிடந்தாள். கூப்பிட்டால் பதில் இல்லை. எனக்குக் கால் இரண்டும் தரையில் ஒட்டிக்கொண்டுவிட்டன. பள்ளிக்கூட ஆயாதான் அவளை வாரி எடுத்து இடுப்பில் போட்டுக்கொண்டு ரிக்ஷா ஸ்டாண்டுக்கு ஓடினாள். ஆயா மீன்பிடிக் குப்பத்துக்காரி, கூடை சுமந்து உரமேறின உடம்பு. நான் செருப்பில்லாமல் பின்னால் ஓடினேன்.

சாயங்காலம்தான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் திறந்தாள். திறந்ததும் பசிக்கிறது என்றாள். டாக்டரம்மா சிரித்துவிட்டு என்னைத் தனியாக வராந்தாவுக்கு அழைத்துப் போனார்.

"பொழைச்சுக்கிட்டா. ஆனா இந்தத் தலையில இன்னொரு அடி விழக் கூடாதும்மா. ரொம்ப ஜாக்கிரதையா பார்த்துக்கணும்."

எப்படி ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்வது என்று டாக்டரம்மா சொல்லித் தரவில்லை. கட்டிப்போட்டா வளர்க்க முடியும்? வீட்டுக்காரர் ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவர். அவருக்கு எல்லாம் லேசு. "உன் பொண்ணுதானே, பிடிவாதம் இல்லாம எப்படி இருக்கும்" என்று சொல்லிவிட்டு ஷிஃப்டுக்குப் போய்விடுவார். நான் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டே ஜன்னல் வழியாக அவள் தலையைத் தேடிக்கொண்டிருப்பேன். தெரு முனைப் பிள்ளையார் கோயிலில் யாராவது சிதறுகாய் உடைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன். அந்தச் சத்தத்தை என்னால் கேட்க முடியவில்லை.

இந்த லட்சணத்தில்தான் எங்கள் பள்ளி மானேஜருக்கு ஊஞ்சல் ஆசை வந்தது.

மானேஜர் தெற்குச் சீமையிலிருந்து வந்து வெல்ல மண்டி வைத்து முன்னுக்கு வந்தவர். நல்ல மனிதர். சொந்தப் பிள்ளைகள் இல்லை என்பதால் ஊர்ப் பிள்ளைகள்மேல் உயிரை வைத்திருந்தார். துறைமுகத்தில் உடைத்துப் போட்ட ஏதோ கப்பலின் குழாய்களையும் சங்கிலியையும் வாங்கி வந்து, பட்டறையில் கொடுத்து, ஆளுயரத்தைத் தாண்டின ஊஞ்சல் ஒன்றும் அதே உயரத்தில் சறுக்குமரம் ஒன்றும் செய்துவிட்டார். பின்கட்டு மைதானத்தில் அவை நின்றதும் நான் முதலில் அடியில் இருந்த தரையைத்தான் பார்த்தேன். என் மகளோ அங்கேயே குதியாட்டம் போட்டாள்.

"இதெல்லாம் வேண்டாங்க" என்றேன் மானேஜரிடம். வேறு என்ன சொல்வது?

"என்ன டீச்சர் இப்படிச் சொல்லுதீய? பிள்ளைய ஆடட்டும்லா. கீழ சிமிண்டு போட்டுருவோம். நம்ம மண்டி கிட்டங்கி கணக்கா பளிச்சுன்னு இருக்கும்லா."

சிமெண்ட் அப்போது லேசில் கிடைக்காத சரக்கு. கிட்டங்கிக்கு, அதாவது சரக்குக் கிடங்குக்கு, தரை போட வாங்கியதில் மிச்சம் இருந்தது அவருக்கு. அதைப் பிள்ளைகளுக்குப் போடுகிறேன் என்கிறார், எவ்வளவு பெரிய மனசு! எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

"ஐயா, நீங்க ஒரு தேங்காய் தருவீங்களா?" என்று கேட்டேன்.

ஏன் அப்படிக் கேட்டேன் என்று இன்றுவரை எனக்கே சரியாகத் தெரியாது. கோயில் வாசல் சத்தம் காதில் இருந்துகொண்டே இருந்ததால் இருக்கலாம். அவரையும் என் மகளையும் அவருடைய கிட்டங்கிக்கே அழைத்துப் போனேன். அங்கே உயரமாக அடுக்கின மூட்டைகள்மேல் ஏறி நின்று, உரித்த தேங்காயை அந்தப் பளிச்சென்ற தரையில் போட்டேன். வீசவில்லை, கையை விட்டேன், அவ்வளவுதான். இரண்டாகப் பிளந்து தண்ணீர் ஓடியது. என் மகள் ஓடிப்போய் ஒரு மூடியை எடுத்துக் காட்டி, "உடைஞ்சுபோச்சு!" என்று கத்தினாள்.

மானேஜர் வேட்டியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சிமெண்ட் பேச்சு அதோடு நின்றது.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. ரயில்வே கொட்டகையில் என்ஜின் எரித்துத் தள்ளின கரிக்கட்டி மலை மாதிரி கிடக்கும். ராயபுரத்தில் மழைக்குச் சேறாகிற இடம் எதுவானாலும் அதை அள்ளி வந்து கொட்டிவிடுவது வழக்கம். தண்ணீர் நிற்காது, வாஸ்தவம். ஆனால் அதில் விழுந்த பிள்ளைகளின் முட்டியைப் பார்த்திருக்கிறீர்களா? காயம் ஆறின பிறகும் கரி உள்ளேயே தங்கி, பச்சை குத்தினது போலக் கிடக்கும். எங்கள் பள்ளியிலேயே பாதிப் பிள்ளைகளுக்கு அந்த முட்டிதான். இருந்தாலும் பார்த்துவிடலாம் என்று சறுக்குமரத்தின் அடியில் நாலு கூடை கொட்டச் சொன்னேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறி உச்சியிலிருந்து தேங்காயைப் போட்டேன். பிள்ளைகள் ஓவென்று கூச்சல். தேங்காய் விரிந்து ஒழுகியது.

"உடைஞ்சுபோச்சு!" என்றாள் என் மகள். அது அவளுக்கு உத்தியோகமாகவே ஆகிவிட்டது. தேங்காய் விழுந்ததும் ஓடிப்போய் எடுப்பாள், விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டுவாள், காதில் வைத்துக் கேட்பாள், பிறகு தீர்ப்புச் சொல்வாள்.

மானேஜர் மண்டியிலிருந்து காலி வெல்லச் சாக்குகளை அனுப்பினார். தென்னை நாரை அடைத்து மெத்தை மாதிரி பரப்பினோம். தேங்காய் உடையவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது, மறுநாள் காலைவரைக்கும். ஐயோ, அந்த எறும்பு! ராயபுரத்து எறும்பு எல்லாம் அழைப்பிதழ் வாங்கினது போல வந்து சேர்ந்திருந்தது. வெல்லம் கட்டின சாக்கு இனிக்கும் என்று வெல்ல வியாபாரிக்கும் தோன்றவில்லை, அவர் பள்ளியில் பாடம் எடுக்கிற எனக்கும் தோன்றவில்லை. ஆயா சாக்குகளைத் தூக்கிப் போய்க் கடலில் அலசினாள்; மெத்தை யோசனையும் அதோடு போயிற்று.

மரவாடியிலிருந்து மரத்தூள் வந்தது. மெத்தென்று நன்றாகத்தான் இருந்தது. ஒரு மழை பெய்தது. ஊறி, நாறி, தெள்ளுப்பூச்சி பிடித்து, பிள்ளைகள் காலைச் சொறிந்துகொண்டே வகுப்புக்கு வந்தார்கள். காய்ந்ததும் மதிலுக்கு வெளியிலிருந்து எவனோ பீடித் துண்டை எறிந்தான். நல்ல வேளை, புகை கிளம்பினதுமே பார்த்துவிட்டோம். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி அணைத்தோம். தலைக்கு வந்தது போய்த் தீக்கு வந்துவிட்டதே என்று மிச்சத் தூளையும் அள்ளி வெளியே கொட்டச் சொன்னேன்.

"டீச்சரம்மா, இன்னாத்துக்கு இப்டி பேஜாராவுறே?" என்றாள் ஆயா. "எதிர்ல அம்மாம் பெரிய கடலு கீது. மணலு இல்லியா? எங்க பசங்க கட்டுமரத்து மேலேந்து குதிச்சிக்கினுதான் கீதுங்க. எவனுக்கு மண்டை ஒடைஞ்சுது?"

கடல் மணல் எனக்கும் முதலிலேயே தோன்றியதுதான். ஆனால் அதில் என்னென்ன கிடக்கும் என்றும் தோன்றியது. சந்தேகம் வீண்போகவில்லை, வந்த முதல் கூடையில் கையை விட்டால் துருப்பிடித்த தூண்டில் முள். பிறகு கிளிஞ்சல், பாட்டில் சில், மீன் எலும்பு. ஆயா சளைக்கவில்லை. குப்பத்துப் பெண்கள் அத்தனை பேரையும் கூட்டி வந்தாள். அவர்கள் பிள்ளைகளும் எங்களிடம்தானே படித்தார்கள். சல்லடையில் சலித்துச் சலித்து, ஊஞ்சலடியிலும் சறுக்குமரத்தடியிலும் முழங்கை புதைகிற ஆழத்துக்கு மணலை நிரப்பினார்கள்.

சறுக்குமரத்தில் ஏறித் தேங்காயைப் போட்டேன். தொப்பென்று விழுந்து பாதி புதைந்து உட்கார்ந்துகொண்டது. என் மகள் எடுத்தாள், தட்டினாள், கேட்டாள்.

"உடையல!"

இப்போதெல்லாம் விளையாட்டு மைதானங்களில் ரப்பர் பாய் விரிக்கிறார்கள். கொள்ளுப் பேரப்பிள்ளைகளோடு போகும்போது நான் செருப்பைக் கழற்றிக் குதிகாலால் அழுத்திப் பார்ப்பேன். காவல்காரர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

மணல் போட்டாயிற்று, நல்ல நாள் பார்த்தாயிற்று, திறப்பு விழாவுக்கு ஒரு பெரிய மனிதரையும் அழைத்தாயிற்று. அதுவரை யாரும் ஆடக் கூடாது என்று கயிறு கட்டிவிட்டோம். மானேஜர் என் மகளின் கன்னத்தைத் தட்டி, "தேங்காய்க்குத் தீர்ப்புச் சொன்ன பிள்ளையாக்கும், நீதான் முதல்ல ஆடணும்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். மறுக்கத்தான் நினைத்தேன். ஆனால் என்ன சொல்வது? தரையை நானே பார்த்துப் பார்த்துப் போட்டிருக்கிறேன். அதற்குமேல் மறுத்தால் பைத்தியக்காரி என்பார்கள்.

விழா அன்று காலை எனக்கு மூச்சு விட நேரமில்லை. பிரார்த்தனைப் பாட்டுக்குப் பிள்ளைகளை நிறுத்த வேண்டும், மகளுக்குச் சடை பின்ன வேண்டும், அவள் ஓடாமல் பிடித்து வைக்க வேண்டும். மைதானத்தில் பந்தல், தோரணம், கூட்டம். தூரத்திலிருந்து பார்த்தேன். ஊஞ்சலைச் சுற்றிப் பெரிய தாமரைக் கோலம். அடடா, எவ்வளவு அழகு என்று நினைத்தேன். கால் புதைகிற மணலில் கோலம் எப்படி நிற்கும் என்ற கேள்வி எனக்குத் தோன்றவில்லை. அன்றாடம் வாசலில் கோலம் போடுகிறவள் நான். எனக்கே தோன்றவில்லை.

பாட்டு முடிந்தது. பெரிய மனிதர் கயிற்றை அவிழ்த்தார். புது இடத்தில் கால் வைப்பதற்குமுன் சிதறுகாய் உடைப்பது மானேஜருக்கு வழக்கம்; மண்டியில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் செய்வார். கற்பூரம் ஏற்றின தேங்காயைத் தலைக்குமேல் தூக்கி ஊஞ்சலின் அடியில் ஓங்கிப் போட்டார்.

படார்!

சில்லுச் சில்லாகச் சிதறியது. கூட்டம் கைதட்டியது. பிள்ளைகள் தேங்காய் பொறுக்கப் பாய்ந்தார்கள். நாதஸ்வரம் முழங்கியது. நான் மட்டும் கைதட்டவில்லை. அந்த மணலில் தேங்காய் உடையாதே! எப்படி உடைந்தது?

என் மகள் அதற்குள் ஊஞ்சல் பலகையில் ஏறி நின்றுகொண்டு ஆட ஆரம்பித்திருந்தாள்.

"இறங்குடி! இறங்கு!" என்று கத்தியபடி ஓடினேன். காலுக்கடியில் தரை கல்லாக இருந்தது. போய்ச் சங்கிலியைப் பிடித்து நிறுத்தி, அவளை இடுப்பைப் பற்றி இறக்கினேன். அவள் திமிறினாள். பெரிய மனிதர், "ஆடட்டுமேம்மா" என்று சிரித்தார். நான் குனிந்து கோலத்தின்மேல் விரலை மடக்கித் தட்டிப் பார்த்தேன். விரல் வலித்தது.

ஆயா பெருமையோடு முன்னால் வந்தாள்.

"ஜோரா கீதுல்ல டீச்சரம்மா? பெரிய மன்சன் வராரு, மணல்ல கால் பொதைஞ்சா கலீஜா இருக்காது? நேத்து நீ வூட்டுக்குப் போனப்புறம் நாங்கல்லாம் சேந்து களிமண்ணு கரைச்சு ஊத்தி, திமிசுக் கட்டை போட்டு இடிச்சு, சாணி மெழுவி வச்சோம். மணலு ஒண்ணு பறக்காது."

அவள் முகம் அப்படி மலர்ந்திருந்தது. பின்னால் குப்பத்துப் பெண்கள் குளித்துப் பூ வைத்து, நான் சொல்லப்போகிற நல்ல வார்த்தைக்காக நின்றார்கள். வாசலாக இருந்தாலும் சரி, கல்யாணப் பந்தலாக இருந்தாலும் சரி, விருந்தாளி வருகிற இடத்தை இடித்து மெழுகுவதுதானே முறை? அவர்கள் மரியாதை செய்திருந்தார்கள். எனக்கு அது புரிந்தது. புரிந்தும் கோபம் அடங்கவில்லை.

பந்தலுக்குக் குழி தோண்டின கடப்பாரை ஓரத்தில் கிடந்தது. எடுத்தேன். தாமரையின் நடுவில் ஓங்கிப் போட்டேன்.

கூட்டம் "ஐயையோ" என்றது. நாதஸ்வரம் நின்றுவிட்டது. நல்ல நாளும் அதுவுமாகக் கோலத்தை வெட்டுகிறாளே, இந்த டீச்சருக்குப் புத்தி கெட்டுவிட்டதா என்று ஒரு கிழவர் உரக்கவே கேட்டார். நான் வெட்டிக்கொண்டே இருந்தேன். மேலே ஒரு கையளவு ஓடு மாதிரி பெயர்ந்தது.

ஆயா என் கையைப் பிடித்தாள். கண் கலங்கியிருந்தது. "இன்னா டீச்சரம்மா இது? இடுப்பொடிய மெழுவினோமே. இத்தினி பேர் எதிர்ல இப்டி அசிங்கப்படுத்துறியே!"

"தேங்கா உடைஞ்சுதே, பார்த்தியா ஆயா?"

"ஒடைஞ்சா நல்லதுதானே?"

"அது தேங்காயில்ல ஆயா. தலை."

அதற்குமேல் அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அன்றைக்கு என் குழந்தையை இடுப்பில் போட்டுக்கொண்டு ஓடினவள் அவள்தான். என் மகளைப் பார்த்தாள், சிதறிக் கிடந்த சில்லுகளைப் பார்த்தாள். "ஐயோ, நானே கல்லாக்கிட்டனே" என்று தலையில் அடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகி, "வாங்கமே எல்லாம்!" என்று பெண்களைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். மண்வெட்டி வந்தது, கூடை வந்தது. களிமண் ஓட்டைச் சறுக்குமரத்தடிவரை உடைத்து அள்ளி வெளியே கொட்டி, அடி மணலைக் கிளறிப் புரட்டினார்கள். பெரிய மனிதர் நாற்காலியில் உட்கார்ந்து சோடா குடித்தார். மானேஜர் பட்டு அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு தானும் ஒரு கூடை தூக்கினார்.

"இன்னொரு தேங்காய் கொடுங்க" என்றேன்.

அவர் தயங்கினார். "நல்ல காரியத்துல தேங்கா உடையலைன்னா ஊரு என்ன பேசும் டீச்சர்?"

"பேசட்டுங்க."

சறுக்குமரத்தில் ஏறினேன். கல்யாணத்துப் பட்டுச் சேலை, உடம்பெல்லாம் புழுதி. தேங்காயை விட்டேன். தொப். பாதி புதைந்து உட்கார்ந்தது. கூட்டத்தில் யாரோ "ச்சு" என்றார்கள். கிழவர் அபசகுனம் என்று எழுந்தே போய்விட்டார். எனக்கு அங்கேயே நின்று ஆட வேண்டும் போலிருந்தது.

ஆனால் தேங்காயை எடுக்க என் மகள் வரவில்லை.

தேடினேன். ஊஞ்சலில் நின்றுகொண்டிருந்தாள். நின்றுகொண்டிருந்தாளா? பறந்துகொண்டிருந்தாள். பலகை என் கால்மட்டத்துக்கு வந்து போனது. நான் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் திரும்பிப் பார்த்தாள். கை நழுவியதா, தானே விட்டாளா, இன்றுவரை கேட்டால் சிரிக்கிறாள். உச்சியிலிருந்து மல்லாந்து விழுந்தாள்.

ஏணியில் இறங்க எனக்குப் பொறுமை ஏது? சறுக்குமரத்தில் அப்படியே சறுக்கி வந்து, தவழ்ந்துகொண்டு போய்ச் சேர்ந்தேன். கண்ணை மூடியபடி கிடந்தாள். ஒரு சொட்டு இரத்தம் இல்லை. மதிலடியில் கிடந்தது போலவே கிடந்தாள். ஆயா பின்னால் வந்து நின்றாள். அவள் மூச்சு இரைப்பது எனக்குக் கேட்டது. கூப்பிட வாயைத் திறந்தேன்.

என் மகள் கையைத் தூக்கினாள். விரலை மடக்கித் தன் தலையில் இரண்டு தட்டுத் தட்டினாள். கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்பது போல இருந்தாள். பிறகு கண்ணைத் திறந்து, வாயிலிருந்த மணலைத் துப்பிவிட்டு, ஊருக்கே கேட்கும்படி கத்தினாள்:

"உடையல!"

பளாரென்று ஒன்று வைத்தேன், முதுகில். அப்புறம் அவளைக் கட்டிக்கொண்டு அந்த மணலிலேயே உட்கார்ந்து, ஊர் பார்க்க, வாய்விட்டு அழுதேன்.